கழுவுவதா, சேர்ப்பதா?

ஒரு தாமரைக்குளத்தில் வாத்துகளும் சிட்டுக்குருவிகளும் தவளைகளும் ஒரே முள்வேலிக்குள் வாழ்ந்தன. அந்தத் தவளைகளில் நானும் ஒருவன். ஆகவே கேட்ட கதையைச் சொல்லவில்லை, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

வேலிக்கு வாசலாக ஒரே ஒரு படல். அதன் பக்கத்தில் ஒரு கல். குளம் வெட்டியவர்கள் அதில் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்: ‘ஓடி வருகிறவரை நீரால் கழுவி உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள்.’ கல்லில் இருப்பது மட்டும்தான் எங்களுக்குச் சட்டம். எவர் விளக்கமும் தேவையில்லை. அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை.

ஆனால் எப்படிக் கழுவுவது? முழுசாக முங்கி எழ வேண்டும் என்றன வாத்துகள். தலையில் நாலு துளி தெளித்தால் போதும் என்றன குருவிகள். கல்லில் உள்ளதைப் புரிந்துகொண்டவரைத்தான் கழுவலாம் என்பது தவளைகளான எங்கள் கட்சி. ஆளுக்கொரு கரையில் தனித்தனியாகக் கூடிப் பாடினோம். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஒரு முயல் மூச்சிரைக்க ஓடி வந்து படலில் மோதியது.

“ஐயா, திறங்க. நரி துரத்திட்டு வருது!”

“திறக்கலாம்மா. முதல்ல கழுவணும். முழுசா முங்க வைக்கணும்,” என்றது மூத்த வாத்து வேதமாணிக்கம்.

“முயலை முக்கினா செத்துப்போகும் அண்ணே. தெளிச்சாப் போதும். கல்லைப் படிங்க,” என்றது குருவி கிருபாவதி.

“கல்லைத்தான் படிக்கிறேன். தெளிக்கணும்னு எங்கே இருக்கு?”

“முங்கணும்னு மட்டும் எங்கே இருக்கு?”

முயல் அழுதது. “எப்படி வேணும்னாலும் செய்யுங்க. எனக்கு எல்லாமே சம்மதம்.”

“பாத்தியா, இதுக்கு ஒரு கொள்கையே இல்லை,” என்றது வாத்து. குருவியும் அதை ஒப்புக்கொண்டது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு படலைத் தள்ளியிருக்கலாம். பாவி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டேன்: “கல்லுல எழுதினது இதுக்குப் புரியுமா? புரியாதவங்களைக் கழுவினாச் செல்லுமா?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச்சு சூடு பிடித்தது. கல்லை மறுபடி மறுபடி உரக்கப் படித்தோம்.

வெளியே ஒரு அலறல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தோம். படலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ரோமம் கிடந்தது.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கிருபாவதிதான் மெதுவாகக் கேட்டது: “அண்ணே, உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள்னு இருக்கே, அதுல நமக்குள்ள என்னைக்காவது தகராறு இருந்துச்சா?”

“இல்லைம்மா. அதுல எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தோம்,” என்றது வேதமாணிக்கம்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கும் அந்தப் படல் பக்கம் என்னால் போக முடியவில்லை.

வேதத்தில் சண்டைக்கு இடமுள்ள சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள், சண்டைக்கே இடமில்லாத சொல்லை முதலில் செய்து முடிக்க வேண்டும்.