மக்காச்சோளத்தை மாவாக அரைத்தவர்

மலையடிவாரத்து ஆசிரமம் என்றால் பசுவும் துளசிமாடமும் இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள், இந்திராணியம்மாவின் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அங்கே இருந்தவை பன்றிகள். கால்நடை மருந்தகத்து வேலையை விட்டுவிட்டு அவற்றோடு குடியேறிய அந்த அம்மாவுக்கு நாற்பது வயது. திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட சீடர் குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு.

அவர் மனைவி பூவாத்தாள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முப்பத்தாறு வருடம் கூட இருந்தவளின் குரல் அவருக்கு மறந்துகொண்டே வந்தது. மறக்க வழி கேட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். இந்த மனிதர் மறக்காமலிருக்க வழி கேட்டார்.

"நாளெல்லாம் அவளைத்தானுங்க நெனைக்கிறேன். நெனைச்சு முடிக்கறதுக்குள்ள காணாமப் போயிடறா. எப்படிங்கம்மா புடிச்சு வெக்கறது?"

"நாளைக்குக் காலைல பன்னிக்குத் தீனி வெக்கறப்ப என்னையும் கூப்பிடுங்கண்ணா," என்றார் அம்மா.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் இந்தக் குருமார்களுக்கு என்ன குறைந்துவிடுமோ தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு இரண்டு பட்டிகளிலும் தீனி வைத்தார்கள். அம்மா தன் பட்டியில் கொரகொரவென்று உடைத்த மக்காச்சோளத்தைத் தேங்காய்ப் பிண்ணாக்கோடு பிசைந்து கொட்டினார். குழந்தைவேலு தன் வழக்கப்படி சோளத்தை மாவாக அரைத்து, சலித்து, வெந்நீரில் நீர்க்கக் கரைத்து ஊற்றினார். இரண்டிலும் சோளத்தின் எடை ஒன்றுதான்.

பத்து மணிக்கு அவருடைய பன்றிகள் கேட்டை முட்டிக்கொண்டு அலறின. அம்மாவின் பன்றிகள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

"ஒரே சோளந்தானுங்களே?" என்றார் குழந்தைவேலு.

"ஒரே சோளந்தான். ஆனா நீங்க குடுக்கறது இரைப்பையில நிக்கறதில்லை. தண்ணியா இருக்கறது தண்ணியாட்டமே எறங்கிப் போயிடும். கொரகொரன்னு இருக்கறது உள்ளயே கெடந்து கொஞ்சங் கொஞ்சமாத்தான் எறங்கும். பிண்ணாக்குல இருக்கற எண்ணெய் அதை இன்னும் புடிச்சு வெக்கும். எப்பவும் மாவே தின்னா வயித்துல புண்ணு வேற வந்துரும்."

"நல்லா செரிக்கட்டும்னுதானுங்க அரைச்சேன்."

"யாரு இப்படிச் சலிக்கச் சொல்லிக் குடுத்தாங்க?"

குழந்தைவேலு தன் கைகளைப் பார்த்தார்.

"பூவாத்தாளுக்குங்க. கடைசி நாலு மாசம் இதேதான். தொண்டையில எதுவும் உறுத்தப்படாதுன்னு மூணு தடவை சலிப்பேன். கை பழகிப்போச்சுங்க."

அம்மா வேலியோரம் உட்கார்ந்தார்.

"அவுங்களைப் பத்திச் சொல்லுங்க."

"தங்கமானவ. ஒரு நாளும் மொகஞ் சுளிச்சதில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை."

"வந்த நாள்ல இருந்து இதையேதான் மாவாட்டம் சலிச்சுச் சொல்றீங்க. உங்களை எதுக்குத் திட்டினாங்க?"

"செத்தவளைப் போயி எப்படிங்கம்மா..."

"சொல்லுங்கண்ணா."

குழந்தைவேலு கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ வளத்த ஆட்டுக் கெடாவை அவளைக் கேக்காம வித்துட்டனுங்க. ரேடியோ வாங்கோணும்னு எனக்கு ஒரு ஆசை. ஒம்பது நாள் எங்கூடப் பேசலை. சோத்தை மட்டும் வெப்பா. வெக்கற வேகத்துல தட்டு எகிறும். பத்தாம் நாள் அந்த ரேடியோவைத் தூக்கித் தண்ணித் தொட்டியில போட்டுட்டு, 'இப்பப் பாடச் சொல்லு பாக்கலாம்'னா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"பாக்கலாம்," என்று மறுபடி சொல்லிப் பார்த்தார். மூக்கால் இழுத்துச் சொன்னார். அது அவர் பேசுகிற விதமே இல்லை.

"அவ கொரலுங்கம்மா. இப்படித்தான் இழுப்பா."

பன்றிகள் அலறிக்கொண்டிருந்தன. அவர் காதில் அது விழவில்லை. அறுபத்திரண்டு வயது மனிதர் வேலியில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அந்தக் கெடா கட்டியிருந்த எடத்தை வருசக்கணக்கா தெனமும் கூட்டுவாளுங்க. நான் பாத்தும் பாக்காத மாதிரி போயிருவேன். ஒரு தடவைகூட, தப்புத்தான்னு நான் சொல்லவே இல்லீங்களே."



அவர் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினார். "உறுத்துதுங்கம்மா. உள்ள உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது."

"இருக்கட்டுமுங்கண்ணா," என்றார் இந்திராணியம்மா. "அவுங்களுக்கும் இருக்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல."