ஜமீலா பெயரில் ஒரு கமிட்

நாற்பத்தாறு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்ட வைத்திலிங்கத்துக்குக் குருவாக வாய்த்தவர் ரெஜினா. சிஷ்யரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நாகர்கோவிலில் பேருந்து முன்பதிவுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் குழு அது. யார் எதை மாற்றினாலும் பெயர், தேதி, காரணத்தோடு குழுவின் பொதுக் களஞ்சியத்தில் பதிவாகும். அந்தப் பதிவுக்குப் பெயர் கமிட்.

வைத்திலிங்கத்தின் கமிட்டுகளோ 'சரிசெய்தேன்', 'இப்போது சரி', 'முருகா, இப்போதாவது' என்று பன்னிரண்டு நின்றன. ரெஜினா பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி அனுப்பினார். 'உங்களிடம் இல்லாத கமிட்டுகள் இங்கே இருக்கின்றன' என்று களஞ்சியம் ஏற்க மறுத்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவருக்கு வெட்கமும் சேர்ந்துகொண்டது. இருப்பதை அழித்துவிட்டு இதை வை என்று ஃபோர்ஸ் புஷ் கொடுத்துவிட்டார்.

அங்கே இருந்து அழிந்தது, அதே குழுவில் வேலை பார்த்த ஜமீலாவின் ஐந்து நாள் உழைப்பு. ரத்தான டிக்கெட்டின் இருக்கையை மறுபடி விற்பனைக்கு விடும் பகுதி. வேலையை விட்டுப் போகும் நாளில் கடைசியாக அதை அனுப்பிவிட்டு, லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அன்றைக்கே அழித்துவிட்டார்கள். சர்வரைத் துழாவியும் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜமீலா பேச்சுவாக்கில் சொன்னதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, அத்தனையையும் தானே மறுபடி எழுதினார். பிறகு ரெஜினாவிடம் வந்தார்.

"முடிச்சிட்டேன் மேடம். அந்தப் பொண்ணு எழுதின மாதிரியே இருக்கும்."

"அனுப்புங்க."

"ஒரு சந்தேகம். கமிட்ல பேரையும் தேதியையும் நாமளே போட முடியும்ல? ஜமீலா பேரு, அவ கடைசியா வேலைக்கு வந்த வெள்ளிக்கிழமை தேதி போட்டுடட்டுமா? அவ உழைப்பு அவ பேர்லயே இருக்கட்டும். நான் அழிச்சது அழிஞ்சதாவே தெரியாது."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு தடவை போனை எடுத்தேன். நாக்கு எழல மேடம்."

"இப்ப நீங்க எழுதினதை அவ பாத்தாளா?"

"அவ எப்படிப் பாப்பா?"

ரெஜினா அவருடைய லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். அவர் எழுதியதை ஓடவிட்டு, சோதனைக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். ரத்து செய்தார். இருக்கை காலியாகவில்லை. இன்னொரு முறை செய்தார். அப்போதும் காலியாகவில்லை.



"நீங்க சொன்ன பேரைப் போட்டு அனுப்பியிருந்தா," என்றார் ரெஜினா, "இந்தத் தப்புக்கு நாளைக்கு நாம யாருக்குப் போன் போட்டுக் கேட்டிருப்போம்?"