மீனுக்கு மேலே படுக்கை

தண்ணீரில் பிறக்காது. தண்ணீர் குடித்தால் பிழைக்காது. தண்ணீரை விட்டால் நடக்காது. அது என்ன?

படகு என்று அதற்குள் சொல்லிவிட்டீர்களா? சரிதான். விடை சொல்ல உங்களுக்கு ஒரு நொடி போதும். எந்தப் படகு என்று முடிவு செய்யக் காத்தவராயனுக்கு ஒரு கோடை முழுக்கப் பிடித்தது. அதன் பிறகும் அவன் தப்பான இடத்தில்தான் போய் நின்றான்.

காத்தவராயன் உப்பங்கழியில் மீன் பிடிக்கிறவன். கழியின் கிழக்கே, ஆள் இல்லாத மணல் திட்டுகளுக்கு அப்பால், மடவை மீன் கூட்டம் கூட்டமாக மேயும். அங்கே போய்த் தங்கி, பிடித்த மீனைக் கீறி உப்பிட்டு, படகின் மீன் கிடங்கு நிறைந்த பிறகுதான் கரைக்குத் திரும்புவான். சில சமயம் ஒரு வாரம் ஆகும். மீன் வாய்க்காவிட்டால் மாதம்கூட ஆகிவிடும். மனைவி இறந்ததிலிருந்து மகள் வேம்பு, அவனுடைய அக்கா கன்னியம்மாவின் வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

ஒரு நாள் அவன் கரையேறி அக்கா வீட்டுக்கு வந்தபோது, வேம்பு உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். விருந்தாளிகளுக்கென்று துலக்கி எடுத்து வைத்திருந்த பித்தளைச் செம்பில் கொண்டுவந்தாள்.

"எனக்கு எதுக்குடி இது? எப்பவும் குடிக்கிற சொம்பு இல்லியா?"

"நீ தூரத்துலேருந்து வர்றீல்ல" என்றாள் வேம்பு.

அவன் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தான்.

மறுநாள் காலை அவன் நாச்சியம்மையிடம் போனான். கழிமுகத்து மணல்மேட்டில் ஒரு புன்னை மரத்தடியில் குடிசை போட்டுக்கொண்டு இருந்த துறவி அவள். வயதில் அவனைவிட இளையவள். ஆனாலும் அவன் அவளைத் தாயே என்றுதான் அழைப்பான். மனைவி போன துக்கத்தில் ஒருமுறை அங்கே வந்து உட்கார்ந்தவன், அதன் பிறகு எதைச் செய்வதற்கு முன்னாலும் அவளைக் கேட்காமல் செய்வதில்லை.

"தாயே, ஒரு படகு வாங்கப் போறேன். மீனும் பிடிக்கணும், அதுலயே குடியும் இருக்கணும். வேம்புவைக் கூடவே வெச்சுக்கப் போறேன். இனிமே அவளைப் பிரியறதா இல்ல. எப்பேர்ப்பட்ட படகு வாங்கலாம், சொல்லு."

நாச்சியம்மை தன் குடிசைப் பக்கம் பார்த்தாள். பிறகு, "தாகமா இருக்கு, காத்தா. சுனையிலேருந்து தண்ணி மொண்டு வா" என்றாள்.

அவன் குடிசைக்குள் போனான். அவளிடம் இருந்தது ஒரே பானை. அதில் பாதிக்குமேல் கஞ்சி இருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"இதுல கஞ்சி இருக்கே, தாயே."

"ஆமாம்."

"தண்ணி எதுல மொள்றது?"

"அதுதான் எனக்கும் தெரியல."

காத்தவராயன் சிரித்துவிட்டான். "இதுக்கா இவ்வளவு யோசனை?" என்று சொல்லி, அன்று மாலையே சந்தையிலிருந்து இன்னொரு பானை வாங்கி வந்து வைத்தான். நாச்சியம்மை அதைச் சுற்றிப் பார்த்து, "நல்ல பானை" என்றாள். கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் அதைத் தனியே வைத்தாள்.

அவன் படகு பார்க்கக் கிளம்பினான்.

துறையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு மெலிந்த படகு. கோலை ஒரு முறை ஊன்றினால் அம்பு மாதிரிப் போயிற்று. ஆனால் அதில் படுக்க இடமில்லை. நிமிர்ந்து உட்காரவே பயமாக இருந்தது. அடுத்துப் பார்த்தது பழைய உப்புத் தோணி. மூங்கில் வளைத்துக் கூரை போட்டிருந்தது. உள்ளே ஒரு குடும்பமே நீட்டிப் படுக்கலாம். காத்தவராயன் படுத்தும் பார்த்தான். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கூரை காற்றைப் பிடித்துக்கொண்டு தோணியைப் பக்கவாட்டில் இழுத்தது. அடிப்பாகம் ஆழம். திட்டுகளுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் அது போகவே போகாது.

"ஒண்ணு பொண்டாட்டி மாதிரி, ஒண்ணு மாமியார் மாதிரி. நீ எதைத்தான்பா தேடுறே?" என்றான் தோணிக்காரன்.

"மக மாதிரி ஒண்ணு."

கோடை முடியும் சமயத்தில் அது கிடைத்தது. தட்டையான அடி. நடுத்தரமான அகலம். நாணல் முளைத்த ஆழமில்லாத தண்ணீரிலும் மிதக்கும். காத்தவராயன் அதற்குத் தன் கையாலேயே வேலை செய்தான். பின்பக்கம் அடுப்புக்கு ஒரு மணல் பெட்டி வைத்தான். வெயிலுக்குச் சுருட்டி விரிக்கிற மாதிரி ஒரு கீற்றுத் தட்டி கட்டினான். நடுவில் இருந்த மீன் கிடங்கின் மேல் மூன்று வேப்பம் பலகைகளை இழைத்துப் பொருத்தினான். போட்டால் வேம்புவுக்குக் கட்டில். தூக்கினால் கிடங்கு.

அதைக் காட்ட நாச்சியம்மையை அழைத்து வந்தான். அவள் படகில் ஏறி அந்தப் பலகைமேல் உட்கார்ந்தாள்.

"மீன் வந்தா?"

"பலகையைத் தூக்கிடுவேன்."

"அவ?"

"அவளும் எழுந்துப்பா. மீன்காரன் பொண்ணுதானே, தாயே!"

நாச்சியம்மை பலகையைக் கையால் தடவினாள். "மழை வர்றதுக்கு முன்னால என்னை வந்து பாரு. வேம்புவையும் கூட்டிட்டு வா" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

வேம்புவோடு போன முதல் பயணத்தில் மீன் கொட்டிற்று. தட்டைப் படகின் கிடங்கு ஆழம் இல்லாததால் உப்பிட்ட மீன் பலகை மட்டத்துக்கு மேலேயே குவிந்துவிட்டது. காத்தவராயன் பாடிக்கொண்டே கரைக்கு வந்தான். அதற்குப் பிறகு மீன் சிக்கவில்லை. திட்டுக்குத் திட்டு அலைந்தும் ஒரு கூடை தேறவில்லை. மழைமேகம் தெற்கே கறுக்கத் தொடங்கியதும், மகளை அழைத்துக்கொண்டு அவன் மணல்மேட்டுக்கு வந்தான்.

"படகுல குறை இல்ல, தாயே. ஓடுது, திரும்புது, பாரம் தாங்குது. வலையை மாத்தினேன். ஒழுகாம இருக்க அடிக்கு மறுபடியும் கீல் பூசினேன். கன்னிமாருக்குக் கோழி அறுத்தேன். விடியக்காலம் கூட்டம் கண்ணு முன்னால மேயுது. மூச்சு விடாம வலையை வளைச்சுக்கிட்டு வர்றேன். சேர்த்துக் கட்டுற நேரம் பார்த்து எங்கேயோ பலகை 'டொக்'குன்னு ஒரு சத்தம். மடவைக்குத்தான் சத்தம் ஆகாதே! அத்தனையும் வலைக்கு மேல எகிறி ஓடிப்போவுது. பலகைக்கெல்லாம் ஆப்பு அடிச்சுட்டேன். அப்பவும் அந்தச் சத்தம் நிக்கல."

நாச்சியம்மை அவனைப் பார்க்கவில்லை. வேம்புவைப் பார்த்தாள்.

"சாமி கும்பிடுவியா, வேம்பு?"

"தினமும் கும்பிடுவேன்."

"அத்தை வீட்டுல இருந்தப்ப சாமிகிட்ட என்ன கேப்பே?"

"மீன் நெறைய வரணும்னு கேப்பேன்."

"ஏன்?"

"கிடங்கு நெறைஞ்சாத்தானே அப்பா வீட்டுக்கு வருவாரு. சீக்கிரம் நெறையணும்னு கேப்பேன்."

காத்தவராயன் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப படகுல இருக்கிறப்ப?"

வேம்பு கால் கட்டைவிரலால் மணலில் கோடு போட்டாள்.

"சொல்லு. உங்க அப்பா திட்டமாட்டாரு."

"மீன் வரக்கூடாதுன்னு."

புன்னை மரத்தில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்துவிட்டுப் பறந்து போயிற்று.

"மீன் வந்தா பலகையைத் தூக்கிடறாரு" என்றாள் வேம்பு. "அப்புறம் கரைக்கு வர்ற வரைக்கும் எனக்குப் படுக்க இடமே இல்ல. அன்னிக்கெல்லாம் பாயைச் சுருட்டிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு முன்னால முனையிலேயே உக்காந்திருந்தேன். தண்ணி அடிச்சு அடிச்சுப் பாய் நனைஞ்சுபோச்சு. அப்பா பாடிக்கிட்டிருந்தாரு."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம்…" வேம்புவின் குரல் இறங்கிவிட்டது. "அவரு வலையை வளைக்கிறப்ப நான் தூங்கறேன்னு நெனச்சுக்குவாரு. நான் குதிகாலால பலகையை ஒரே ஒரு தட்டு தட்டுவேன்."

காத்தவராயன் எழுந்துவிட்டான். கை ஓங்குகிறவன் போல இருந்தான். ஆனால் கை எழவில்லை. மறுபடியும் உட்கார்ந்தான்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"அந்தப் பலகையை எனக்காகத்தானே போட்டேன்னு சொன்னே."

அவன் ஆப்பு அடித்த ஒவ்வொரு முறையும், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சுத்தியலை எடுத்துக் கொடுத்திருந்தாள். ஒரு முறைகூட அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையின் இடுக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் நாச்சியம்மையின் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"அப்போ நான் எந்தப் படகை வாங்கியிருக்கணும், தாயே?"

"துறையில இருந்த படகையெல்லாம் தட்டிப் பார்த்தே. ஏறிப் பார்த்தே. படுத்தும் பார்த்தே. இவளை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல."

"இப்ப கேளு. உனக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேக்காதே. ஒரு தடவை கேளு."

காத்தவராயன் மகள் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். மூடினான். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டே, எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டான்.

வேம்பு கீழே கட்டியிருந்த படகைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

அத்தை வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அங்கே இருந்தால்தான் மீன் நிறைய வரவேண்டும் என்று சாமியிடம் கேட்க முடியும் என்றாள்.