செப்புக்காசின் நிறம்

எங்கள் ஊர் பழங்காசு சேகரிப்போர் சங்கத்தில் டீ கொடுப்பதுதான் என் வேலை. அன்று வியாபாரி திருவேங்கடம் ஒரு செப்புக்காசை நீட்டி, “இந்த நீலப் பழுப்பு, இருநூறு வருஷத்தில் தானாக ஏறிய நிறம்” என்றார். அதை வாங்கச் சங்கத் தலைவர் லட்ச ரூபாய்க் காசோலையில் கையெழுத்துப் போட இருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “யாரோ ஏத்தின நிறம் மாதிரி இருக்குங்க” என்று உளறிவிட்டேன்.

“காசைத் தொடாம நிரூபிடா! இல்லேன்னா, தலைவரே, இவனை வேலையை விட்டு அனுப்புங்க” என்று சீறினார் வியாபாரி.

“எனக்கு ஏதுங்க அவ்வளவு அறிவு? நானும் இப்படி நிறம் வரும்னு ஒரு பழைய செப்புக் காலணாவை அவிச்ச முட்டையோட டப்பாவுல மூடி வச்சேன். ஒரு வாரம் நாறினதுதான் மிச்சம். நிறம் ஏன் மாறலீங்க?”

“மடையா, முட்டையை உடைச்சு வைக்கணும்! ஒரே ராத்திரியில இந்த நிறம் வந்துடும்!”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலைவர் பேனாவை மூடினார்.

இப்போது எல்லாரும் என்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்கிறார்கள். பொறி வைக்கிற மூளை எனக்கு ஏது? என் காலணா ஏன் நிறம் மாறவில்லை என்று நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.