இரண்டாம் ராசாவின் வரவு

முதலில் அநியாயம் செய்தவர் நல்லமாப்போடிதான். வாவிக்கரை ஊரில் கூத்துக்கு ஆள் பிரித்த அன்று, சபை நடுவே எழும்பி, "பாலிப்போடியின்ட குரலுக்கு ராசமுடி எதுக்கு? பிச்சைச் சட்டி போதும்" என்றார். சபை சிரித்தது.

ராசா வேடம் நல்லமாப்போடிக்குப் போனது. நாட்டை இழந்து பிச்சைக்கு அலையும் அதே ராசாவாகப் பிற்பாதியில் ஆட பாலிப்போடியைப் போட்டார்கள். நெடிய கூத்தில் ஒரு வேடத்தை இருவர் பகிர்வது அங்கே வழக்கம்.

பாலிப்போடி அண்ணாவியாரிடம் போனார். கூத்துப் பழக்கும் அந்த அண்ணாவியார் வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான்.

"முகம் வேற, குரல் வேற, உடுப்பும் கந்தல். நான்தான் அந்த ராசா எண்டு சனத்துக்கு எப்படித் தெரியும்? பிச்சைக்காரன் எண்டு சிரிக்கும்."

அண்ணாவியார் வெற்றிலையை மடித்தார்.

"சிரிக்கட்டும். நீங்க வாயைத் திறக்காம நடந்து வாங்க, பாலியண்ணன்."

"பாட்டு?"

"அது என்ட வேலை."

அரங்கேற்றம் வந்தது. நல்லமாப்போடி முடியோடு, கூத்தாடும் வட்டமான களரிக்குள் குதித்தார். மத்தளம் இடித்தது. அண்ணாவியார் ராசாவின் வரவுப்பாட்டை உச்சத்தில் எடுத்தார். சனம் கடலை கொறித்தபடி பார்த்தது. கொலுவுக்கு, வேட்டைக்கு, கலியாணத்துக்கு, ராசா வரும்போதெல்லாம் அதே மெட்டு. சின்னப் பிள்ளைகளின் வாயிலேயே அது ஒட்டிக்கொண்டது.

பிறகு பாலிப்போடி கந்தலோடு இறங்கினார்.

"ஆருடா இது, சோத்துக்கு வந்தவனா?" என்று ஒருவன் கத்தினான்.

சிரிப்பு எழும்பியது. பாலிப்போடிக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

அண்ணாவியார் கை காட்டினார். மத்தளம் நின்றது. அதே வரவு மெட்டைத் தாழ்ந்த குரலில், சொல்லில்லாமல், மெல்ல இழுத்தார்.

சிரிப்பு அறுந்தது.

"ஐயோ, நம்மட ராசா!" என்றாள் ஒருத்தி.

கத்தினவனே முதலில் எழும்பினான். தோள் சால்வையை இறக்கி இடுப்பில் கட்டினான். அவனைப் பார்த்து அடுத்தவன். அப்புறம் களரியைச் சுற்றி ஊரே எழும்பி நின்றது. பாலிப்போடி நெஞ்சை நிமிர்த்திக் களரியை ஒரு சுற்று வந்தார். எந்தப் பட்டும் அந்தக் கந்தலைப்போல மினுங்கியிராது.

கூத்து முடிந்ததும் நேரே அண்ணாவியாரிடம் வந்தார்.

"பார்த்தீங்களா? முடியோட வந்தவனுக்கு ஒருத்தனும் எழும்பல்ல. எனக்கு ஊரே எழும்பிச்சு. நல்லமாப்போடி என்னட்ட மன்னிப்புக் கேக்க வேணும்!"

"கேக்கத்தான் வேணும்" என்றார் அண்ணாவியார். "ஆனா, அவர் முன்னுக்கு அத்தனை தரம் அந்த மெட்டுக்கு ஆடியிருக்காட்டி, சனம் ஆருக்கு எழும்பியிருக்கும்?"

பாலிப்போடி கந்தலைக் கழற்றி மடித்து வைத்தார். நல்லமாப்போடியிடமிருந்து மன்னிப்பு இன்னும் வரவில்லை.