சங்கரலிங்கம் நிறுத்திய சத்தம்

சங்கரலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு முத்தரசிக்கு இருபத்தெட்டு. கோவில்பட்டியில் அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறாள். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற சங்கரலிங்கம் மூன்று மாதமாக அவளிடம் வேலை கற்கிறார். "குருவே" என்றுதான் கூப்பிடுவார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, சிபியுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

"குருவே, இந்தச் சனியன் என் உயிரை எடுக்குது."

"மேசையில வைங்க அண்ணாச்சி. என்ன பண்ணுது?"

"ஏழு மணிக்கு ரிசப்ஷன். மண்டபத்துல பெரிய திரையில கல்யாண வீடியோ ஓடணும். வெட்டி ஒட்டினதை ஒரே வீடியோவாக்க காலையிலேர்ந்து அஞ்சு தடவை ரெண்டர் போட்டுட்டேன். அறுபத்திரண்டு சதவீதம் வருது, பொசுக்குன்னு அணைஞ்சிடுது. வீடியோ போகலைன்னா மாப்பிள்ளையோட அப்பா அத்தனை பேர் முன்னாடி என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவார்."

முத்தரசி வயரை மாட்டி ரெண்டரை ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

"தொண்ணூத்தேழு டிகிரி. இட்லி அவிக்கலாம்."

"கிராபிக்ஸ் கார்டு சூடாகுதுன்னு எனக்கும் தெரியும். சூட்டை இழுக்கிற பேஸ்ட்டை மாத்தினேன். தூசி ஊதினேன். ஏசி போட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணு விடலை. அது திருந்தினாத்தானே."

"விசிறி?"

"அதைப் போன வாரமே சரி பண்ணிட்டேனே."

சொல்லும்போது முகத்தில் பெருமை. அவருக்கு மறைக்கத் தெரியாது.

"எப்படி?"

"மாவு மில்லு மாதிரி கரகரன்னு ஒரே இரைச்சல். தாலி கட்டுற இடத்துக்கு நாதஸ்வரம் சேர்க்கிறேன், நாதஸ்வரமே காதுல விழலை. ஆளைக் கூப்பிடாம நானே திறந்து பார்த்துச் சரி பண்ணினேன். அதுக்கப்புறம் அது மூச்சு விடலை."

முத்தரசி கம்ப்யூட்டரை அணைத்தாள். பக்கத் தகட்டைக் கழற்றினாள். கிராபிக்ஸ் கார்டின் விசிறி இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடுக்கியை விட்டு ஒரு துண்டு அட்டையை உருவினாள். கல்யாணப் பத்திரிகைத் துண்டு. ஓரத்தில் மஞ்சள்கூட இருந்தது.

"தங்கள் நல்வரவை நாடும்," என்று வாசித்தாள்.

"மெல்லிசாத்தான் வெச்சேன்," என்றார் சங்கரலிங்கம்.

அவள் விசிறியை விரலால் சுண்டினாள். அது அரைச் சுற்று போய் நின்றது.

"மோட்டார் கருகிடுச்சு."

"அதெப்படி? ஒரு வாரமா நல்லா ஓடிட்டிருந்துச்சே."

"எது?"

அவர் பத்திரிகைத் துண்டைக் கையில் எடுத்தார். சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"வெட்டி ஒட்டுற வேலைக்கு இவ்வளவு சூடு வராது," என்றாள் முத்தரசி. "இன்னைக்குத்தான் முழு வேலை வாங்கியிருக்கீங்க."

"திட்டுறதா இருந்தா ஏழு மணிக்கு மேல திட்டுங்க. காலைக் கட்டிக்கூட அழுறேன். இப்போ ஒரு வழி பண்ணுங்க."

பழைய சாமான் பெட்டியைக் கிளறி வேறொரு கம்ப்யூட்டரின் பெரிய விசிறியை எடுத்தாள். கருகினதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. சுவிட்சைப் போட்டு ரெண்டரை மறுபடி ஓடவிட்டதும் மேசையே அதிர்ந்தது.

தொண்ணூற்றேழு வரை போன சூடு இப்போது எழுபத்தொன்றில் நின்றது. ரெண்டர் ஐம்பதைத் தாண்டியது. அறுபதில் சங்கரலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு.

எண்பது வந்ததும் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் காது வலித்தது.

முத்தரசி செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே டீக்கடைக்குக் கிளம்பினாள்.

"குருவே, இது பழசை விட மோசமா கத்துதே," என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேட்டார். "இந்தச் சத்தம் எப்பத்தான் நிக்கும்?"

அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நின்னா ஓடி வாங்க அண்ணாச்சி."