நாற்பத்து நாலு ஹாக்கி அட்டை

பரமகுரு அண்ணாச்சியின் வாய்க்கு மூடி போட கோவில்பட்டியில் இன்னும் யாரும் பிறக்கவில்லை. ஊரில் முதன்முதலாக ஹாக்கி மட்டை பிடித்த நாலு டீமுக்கும், அந்தக் காலத்தில் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை தீப்பெட்டி பண்டலுக்கு ஒன்றாக வந்ததாம். டீமுக்குப் பதினோரு பேர், ஆளுக்கு ஒன்றாக அந்த நாற்பத்து நாலு அட்டையும் உலகத்திலேயே அவரிடம் மட்டும்தான் இருக்கிறதாம். இதைச் சொல்லிச் சொல்லியே, ஹாக்கிப் போட்டியோடு நடக்கும் பழைய அட்டைக் கண்காட்சியைத் திறந்து வைக்கிற ஆளாகிவிட்டார்.

அழைப்பிதழில் பேர் வர வேண்டும், அதுதான் அவருக்கு உயிர். சாத்தூர்ச் சம்பந்தி போன வருஷம் கோயில் கொடை நோட்டீசில் தன் பேரைக் கொட்டை எழுத்தில் போட வைத்து, அதைக் கண்ணாடி பிரேமுக்குள் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து பரமகுருவுக்குச் சம்பந்தி வீட்டுக் காப்பி தொண்டையில் இறங்குவதில்லை.

அச்சகக்காரி மாரிக்கனி கம்ப்யூட்டரில் அழைப்பிதழைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் போட்டிச் செயலாளர் தங்கமாரியப்பன். பரமகுரு ஒரு தகர டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தாளு தடிமனா இருக்கட்டும் தாயி, பிரேம் போடணும். பேருக்கு முன்னால 'அட்டைச் செம்மல்'னு போட்டுரு."

"அட்டையைக் காட்டுங்க அண்ணாச்சி, போட்டுருதேன்."

"காட்டுதேன். போன வாரம் இந்த டப்பாவுக்குள்ள ஒரு எலி புகுந்துச்சு. கோல்கீப்பர் அட்டை விட்டாம் பாரு ஒரு உதை! கூரையைப் பிரிச்சுக்கிட்டு எலி அடுத்த தெருவுல போயி விழுந்துச்சு."

"கேஸ் குடுத்துச்சா?" என்றார் தங்கமாரியப்பன்.

"எலியை விடும்வே. சென்டர் பார்வர்டு ஓடுன வேகத்துக்கு, போட்டோவுல ஆளே விழலை. வெறும் புழுதிதான் விழுந்துச்சு. அட்டையை உதறுனா இன்னைக்கும் ஒரு படி கரிசமண்ணு கொட்டும். எங்க மாடியில கத்திரிக்கா போட்டிருக்கதே அந்த மண்ணுலதான்."

"காய்க்கா?" என்றாள் மாரிக்கனி.

"காய்க்காம? ஒவ்வொண்ணும் ஹாக்கிப் பந்து. அரிவாள்மனை ரெண்டு உடைஞ்சு போச்சு. அதை விடு, சித்திரையில ரெண்டு டீமை ஒண்ணா அடுக்குனது என் தப்பு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பாக்கேன், டப்பாவுக்குள்ள மேட்ச் நடக்கு! ரெண்டுக்கு ரெண்டு. சண்டை வந்து மட்டையைத் தூக்கிட்டாங்க. நான் விசில் ஊதி விலக்கி, இருபத்திரெண்டு பேருக்கும் மோரு கலக்கிக் குடுத்தேன். எங்க வீட்டுல ஒரு வாரம் தயிர் கிடையாது."

"மோர் குடிச்ச பயலுவள நானும் ஒருதரம் பாக்கேன்" என்று தங்கமாரியப்பன் டப்பாவைப் பிடுங்கித் திறந்தார்.

உள்ளே நாற்பத்து நாலு அட்டையும் இருந்தன. வேட்டி வாங்கிய அட்டைப் பெட்டியைக் கத்தரித்துச் செய்த வெறும் அட்டைகள். ஒன்றில்கூடப் படம் இல்லை.

சம்பந்தியின் கண்ணாடி பிரேம் பரமகுருவின் கண்முன் வந்து நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னவே முழிக்கீரு? போபால்ல டோர்னமெண்டு. நாலு டீமும் நேத்துதான் ரயில் ஏறுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மாரிக்கனி கீபோர்டில் நாலு தட்டுத் தட்டினாள். பிரிண்டரிலிருந்து வந்த தடித்த தாளை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். 'கண்காட்சியைத் திறந்து வைப்பவர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"எம் பேரு எங்க தாயி?"

"அதுவும் போபாலுக்குத்தான் போயிருக்கு அண்ணாச்சி. டீம் திரும்புனதும் வந்துரும். அதுவரைக்கும் இதையே பிரேம் போட்டு மாட்டுங்க."